கல்யாணத்துக்கு ஓர் இடம்

“துரைக்கு இந்தக் கட்டில்ல நல்லா தூக்கம் வந்திருக்குமா?” என்று கேட்டாள் ஐஸ்மே.

அந்தக் கால வெள்ளைக்காரத் துரையின் மாளிகையைச் சுற்றிக் காட்டிய பெண்ணின் மனப்பாடத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. சிரித்துவைத்தாள்.

மார்வெட் தன் அம்மா ஐஸ்மேயின் முழங்கையைக் கிள்ளினாள். டிசம்பரில் மார்வெட்டுக்குக் கல்யாணம். இடம் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா மிஸ் லோர்னாவுக்கு இந்தப் பழைய கரும்புத் தோட்ட மாளிகையை விட்டால் ஜமைக்காவில் வேறு இடமே கண்ணில் படவில்லை. மாப்பிள்ளை காரை விட்டு இறங்கவே இல்லை. ஏசியைப் போட்டுக்கொண்டு போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாப்பாட்டு அறை. வெள்ளிக் கரண்டிகள். கப்பல் நீளத்துக்கு மேசை.

“இந்தக் குடும்பம் வேலைக்காரங்கள ரொம்ப அன்பா நடத்தினாங்க,” என்றாள் அந்தப் பெண். அப்படித்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அடிமை என்ற சொல் அந்த வீட்டில் புழக்கத்தில் இல்லை.

“அப்படியா? சம்பளம் என்னிக்குக் குடுப்பாங்க? வெள்ளிக்கிழமையா?”

“மம்மி,” என்றாள் மார்வெட்.

“தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்.”

மிஸ் லோர்னா காதில் விழாதவள்போல் சுவரில் தொங்கிய துரையின் படத்தை அண்ணாந்து பார்த்தாள். அந்த மூக்கு அப்படியே தன் மகனுக்கு இருப்பதாகச் சொன்னாள்.

“இருக்கும், இருக்கும்,” என்றாள் ஐஸ்மே. “ரொம்ப அன்பான துரையாச்சே.”

மார்வெட் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மாவுக்கு இந்தச் சம்பந்தமே பிடிக்கவில்லை என்று முடிவுகட்டினாள்.

வெளியே தோட்டம் இங்கிலாந்தை அப்படியே பெயர்த்து வந்து வைத்ததுபோல இருந்தது. ரோஜாப் பாத்திகள், நீரூற்று, சவரம் செய்த புல்தரை. வெயிலில் ரோஜாக்கள் மட்டும் சொந்த ஊருக்குப் போக ஏங்குவதுபோல் தலை தொங்கி நின்றன. ஐஸ்மே எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. யாரும் கூப்பிடுவதற்கு முன்பே சரிவில் இறங்கி, பெரிய மரத்துக்குப் பின்னால் புதர் மண்டிய இடத்தில் போய் நின்றாள்.

“அங்க ஒண்ணும் இல்ல, மேடம்,” என்று பின்னாலேயே ஓடிவந்தாள் அந்தப் பெண். “மேடும் பள்ளமுமா கிடக்கு. அடுத்த வாரம் டிராக்டர் விட்டுச் சமன்படுத்திடுவோம். உங்க கல்யாணத்துக்கு வர்ற கார் எல்லாம் இங்கேயே நிறுத்திக்கலாம்.”

“ரொம்ப வசதி,” என்று குதி உயர்ந்த செருப்போடு தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்தாள் மிஸ் லோர்னா.

“காரை ரோட்டுல நிறுத்தட்டும். டிராக்டர் இங்க வரக் கூடாது,” என்றாள் ஐஸ்மே. “நாற்காலியெல்லாம் இந்தப் பக்கம் பார்த்து போடச் சொல்லுங்க.”

“புதரப் பார்த்தா?” மார்வெட்டின் குரல் உடைந்தது. “ஏன் மம்மி என் கல்யாணத்தையே கெடுக்கறே?”

“மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எங்க வேணா உக்காரட்டும். பொண்ணு வீட்டுக்காரங்க இங்கதான் இருக்காங்க.”

மார்வெட் அப்போதுதான் கீழே பார்த்தாள்.

ஆள் நீளத்துக்கு மண் மேடுகள். வரிசை வரிசையாக, வேலிவரைக்கும். சில குழந்தை நீளம்தான். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் கல்லறைக் கல்லுக்குப் பதிலாகச் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு குரோட்டன்ஸ் செடி. முன்வரிசையில் மட்டும் களை பறித்துச் சுத்தமாக இருந்தது. வருஷா வருஷம் பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் அரிவாளை எடுத்துக்கொண்டு அம்மா எங்கே போகிறாள் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

மிஸ் லோர்னாவின் செருப்புக் குதி மண்ணில் புதைந்துபோயிருந்தது. இழுத்துப் பிடுங்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

ஐஸ்மே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். காலையிலிருந்து சம்பந்தியிடம் ஐஸ்மே கேலியில்லாமல் பேசிய முதல் பேச்சு இதுதான்.

“மெதுவா, மிஸ் லோர்னா. அங்கயும் ஒருத்தர் படுத்திருக்காங்க.”