போகாத மை

"எலுமிச்சம்பழம் தேய்ச்சாச்சு, சாம்பல் போட்டுத் தேய்ச்சாச்சு, மண்ணெண்ணெய்கூட ஊத்திப் பாத்தாச்சு. மூணு நாளா அப்படியே இருக்கும்மா!"

ஊர்த் தேர்தல் குழுத் தலைவர் தர்விஸ் இடது சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டினார். நகத்தைச் சுற்றிக் கன்னங்கரேல் என்று மை.

யூஸ்மனியார் சிரித்தாள். பாத்திக் துணிக்காரர்களுக்குச் சாயம் காய்ச்சிக் கொடுப்பது அவள் தொழில். மலையேறிக் காசுக்கட்டி இலை பறித்து, தோப்பில் மங்குஸ்தான் தோல் பொறுக்கி, சதுப்பில் கறுப்புச் சேறு அள்ளி வந்து அவள் கூட்டும் மைக்கு மேற்குச் சுமத்ரா மலைப்பக்கம் முழுக்கப் பெயர் உண்டு.

போன தேர்தலில் பட்டணத்துக் கடை மை. எலுமிச்சையைத் தேய்த்ததும் ஓடிப்போனது. எதிர்க்கோஷ்டியில் பாதிப் பேர் இரண்டு தடவை ஓட்டுப் போட்டார்கள். ஊர்த் தலைவர் பதவிக்கு நின்ற அவளுடைய அண்ணன் சுல்கர்மான் தோற்றான். இந்த முறையும் தோற்றால் இனி நிற்கவே மாட்டேன் என்று சொல்லிவிட்டான். அந்த ஆத்திரத்தில்தான் மை காய்ச்சும் வேலையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

எதிர்க்கட்சி ஆள் இர்வாண்டி துள்ளினான். "வேட்பாளரோட தங்கச்சி மை காய்ச்சுவாங்க, நாங்க வாயப் பொளந்துட்டு பாக்கணுமா? உங்க ஆளுங்களுக்குன்னு அழியிற மை தனியா வச்சிருந்தா?"

"அடப் போடா! எல்லாருக்கும் ஒரே பானைதான். சந்தேகம்னா ஓட்டுச்சாவடி வாசல்ல நீயே நில்லு. விரல்ல மை இருக்கா, உள்ள விடாத. அழுதாலும் விடாத, என்னப் பெத்தவளா இருந்தாலும் விடாத."

"எழுதிக் குடுப்பீங்களாக்கா?"

"எழுது! என் மையிலேயே எழுது!"

எழுதினார்கள். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள்.

தேர்தல் அன்று ஒரு கள்ள ஓட்டுகூட விழவில்லை. தர்விஸ் எண்ணி முடித்தபோது இரண்டு பக்கமும் நானூற்றுப் பதினொன்று. சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். எதிராளி பெயர் வந்தது.

சுல்கர்மான் வீட்டு வாசற்படியில் தொப்பென்று உட்கார்ந்தான். "ஒத்த ஓட்டு! இன்னும் ஒரே ஒரு ஓட்டு விழுந்திருந்தா சீட்டே குலுக்கியிருக்க வேணாம். அம்மா போட்டாங்களா?"

"போட்டாங்கண்ணே."

"சித்தப்பா? நடக்கவே முடியாதே."

"தூக்கிட்டுப் போய்ப் போட வச்சோம்."

"பின்ன நம்ம ஆளுங்கள்ல எவன்தான் போடல? சொல்லு, அவனை இன்னிக்கு சும்மா விடறதில்ல!"

யூஸ்மனியார் அவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள்.

"காலையிலேர்ந்து இர்வாண்டி வாசல்ல திருப்பி அனுப்பினது ஒரே ஒரு ஆளைத்தான்ணே" என்றபடி, மூன்று வாரமாகச் சேறும் இலையும் பிசைந்து மணிக்கட்டு வரை கறுத்துப்போயிருந்த இரண்டு கைகளையும் சால்வைக்குள்ளிருந்து வெளியே எடுத்தாள்.