அந்தரத்தில் ஒரு படகு

பதினேழு டன் இரும்புப் படகை ஒற்றை ரப்பர் உருளையில் அந்தரத்தில் தொங்கவிட்டவன் இங்கிலாந்துக் கால்வாய்களிலேயே நான் ஒருவன்தான். இதோ, தொங்கிக்கொண்டிருக்கிறேன். நீரை வடித்துப் படகைக் கீழ்மட்டத்துக்கு இறக்கும் மதகுத் தொட்டிக்குள் நுழையுமுன், சுவரில் உரசாமலிருக்க விலாவில் கட்டிய உருளையைத் தூக்க மறந்துவிட்டேன். அது சுவருக்கும் படகுக்கும் நடுவே ஆப்பாக இறுகிவிட்டது. நானே திறந்துவிட்ட தண்ணீர் கீழே வடிந்துகொண்டேயிருக்கிறது. படகு மட்டும் இறங்க மறுத்துச் சாய்கிறது. இன்னும் ஒரு சாண் வடிந்தால் கவிழ்ந்துவிடும். இருபுறமும் பாசி வழியும் செங்கல். ஏணி எட்டவில்லை. தலைக்கு மேலே கைக்குட்டையளவு வானம். தேநீர்க் கோப்பை மேசையில் தானாக நகர்கிறது. “மொரீன்! மதக மூடு! படகு அந்தரத்துல தொங்குது!” அடுத்து இறங்கக் காத்திருக்கும் படகுக்காரி அவள். கரையில் சாண்ட்விச் மெல்லுகிறாள். “நேத்து உன் தூண்டில்ல திமிங்கலம். இன்னிக்குப் படகு பறக்குதாக்கும்?” “சத்தியமா!” “திமிங்கலத்துக்கும் சத்தியம்தான் பண்ணின, கிளைவ்.” கோப்பை விழுந்து நொறுங்குகிறது. ரப்பர் முனகுகிறது. ரப்பர் பூட்ஸ் சத்தம் நெருங்குகிறது. கைக்குட்டை வானத்தில் அவள் முகம், வாய்க்குள் மெல்லாத ரொட்டி. முகம் மறைகிறது. இரும்புப் பல்சக்கரம் கடகடக்கிறது, தண்ணீரின் இரைச்சல் அடங்குகிறது. பிறகு, மேலிருந்து மெல்ல: “ஆமாய்யா... தொங்கத்தான் தொங்குது.”