நிற்காத கச்சேரி

உயிலங்குளத்தில் அனுஜாவின் ஃபோன் கடை வாசல் மர வாங்கில் உட்கார்ந்துதான் கிறகரி தினமும் கர்நாடகக் கச்சேரி கேட்பார். விளம்பரம் வராத சந்தாக்களில் ஆக மலிவானதை அவருக்கு எடுத்துக் கொடுத்தது அவள்தான்.

மத்தியானம், ஆலாபனை சூடுபிடிக்கிற நேரம் பார்த்துப் பாட்டு அறுந்துவிடும். 'வேறொரு ஃபோனில் பாடுகிறது' என்று திரையில் வரும். மனுசன் உடனே எழும்பி வீட்டுக்குப் போய்விடுவார்.

"இது ஒராள் பக்கேஜ், அங்கிள். ஆரோ உங்கட கணக்கில கேக்கினம். ரெண்டு பேருக்கானது இருக்கு, கொஞ்சக் காசு கூட."

"வேண்டாம் பிள்ளை. இதுதான் வசதி."

அனுஜாவுக்கு மனம் கேட்கவில்லை. அவருக்குச் சொல்லாமலே கடவுச்சொல்லை மாற்றிவிட்டாள். அன்றிலிருந்து பாட்டு நிற்கவில்லை. அவரும் கடை பூட்டும்வரை எழும்பவில்லை.

மூன்றாம் நாள் முகம் வாடிப்போய்க் கேட்டார். "பிள்ளை, ஏன் பாட்டு நிக்குதில்லை?"

"நான்தான் மற்ற ஆளை வெட்டிவிட்டனான், அங்கிள்!"

"அது என்ர மனுசி. நாங்கள் கோவத்தில கதைக்காமல் விட்டு ரெண்டு வருசம். சோறு போட்டாச்செண்டால் அவ தன்ர ஃபோனில பாட்டைப் போடுவா, எனக்கு நிக்கும்."

கிறகரி வயிற்றைத் தடவினார்.

"கூப்பிடாமல் எப்பிடிப் பிள்ளை போய்ச் சாப்பிடுறது?"