கறுப்பு அட்டை

பேருந்து கவிழ்ந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, நர்சிங் கல்லூரி மைதானத்தில் முதலாண்டு மாணவிகள் நாற்பது பேரைப் படுக்கவைத்திருந்தார்கள். மூன்றாமாண்டு பெனிட்டா ஓடி ஓடி அவர்கள் கழுத்தில் அட்டை கட்டினாள். உடனே தூக்க வேண்டியவர்களுக்குச் சிவப்பு, தாடையைத் தூக்கிப் பார்த்தும் மூச்சு வராமல் இறந்தவர்களுக்குக் கறுப்பு. ஓர் ஆளுக்கு முப்பது விநாடிதான். “நிக்காத, அடுத்த ஆளப் பாரு!” என்று சார் கத்திக்கொண்டே இருந்தார். மூச்சில்லாமல் கிடந்த ரமீஜாவுக்குக் கறுப்பைக் கட்டிவிட்டுத் தாண்டிப் போனாள்.

பயிற்சி முடிந்து எல்லோரும் டீக்கு நின்றபோது, ரமீஜா அவளைத் தேடி வந்தாள். அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது.

“அக்கா, தாடையத் தூக்குனா மூச்சு விடணும்னு எங்கிட்ட சொல்லியிருந்தாங்க. நீங்க தூக்குவீங்கன்னு அடக்கிக்கிட்டே கெடந்தேன்.”

பெனிட்டா கையிலிருந்த டீ டம்ளரை மண்ணில் வைத்தாள். ரமீஜாவின் தாடைக்கு அடியில் இரண்டு விரல்களைக் கொடுத்து மெல்லத் தூக்கினாள். வெதுவெதுப்பான காற்று மணிக்கட்டில் பட்டது.

“விடுங்கக்கா, டீ ஆறுது.”

இரண்டாவது சுற்றுக்கு விசில் ஊதினார்கள். அடுத்த மூச்சும் வரட்டும் என்று பெனிட்டா விரல்களை எடுக்காமல் நின்றாள்.