உடன் வந்தவர்

மாமியார் போட்ட சத்தத்தில் வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"மூணும் பொண்ணு. சின்னதுக்கே ரெண்டு வயசாச்சு. அதுக்கப்புறம் இவளுக்கு ஏன் உண்டாகலன்னு இன்னிக்குத் தெரிஞ்சாகணும் சிஸ்டர்!"

மருமகள் தரையைப் பார்த்தாள். அவள் கணவனின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

அலமாரியிலிருந்து அவள் ஃபைலை எடுத்தேன். எடுத்து டாக்டரிடம் கொடுப்பதோடு என் வேலை முடிந்தது. மற்றதில் மூக்கை நுழைக்கக் கூடாது.

கடைசித் தாள் கண்ணில் பட்டது.

மூன்றாவது பிரசவத்துக்கு மறுநாள் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். சம்மதம் என்ற இடத்தில் அவள் கையெழுத்து. ஓரத்தில் பழைய டாக்டரின் சிவப்பு மை: கணவருக்குத் தெரியக் கூடாது.

நிமிர்ந்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போதைய டாக்டர் தங்கமானவர். ஒரே குறை, ஃபைலை ஒரு வரி விடாமல் உரக்கப் படிப்பார். வாசல்வரை கேட்கும். இது அவன் காதில் விழுந்தால் இவள் இன்று எந்த வீட்டுக்குப் போவாள்?

ஃபைலை மேசைக்கடியில் தள்ளினேன்.

"பழசு காணோம். புதுசு போட்டுக்கலாம்" என்றேன். இருபது வருட சர்வீஸில் இது முதல் பொய் என்று சொல்ல மாட்டேன்.

மாமியார் பிடித்துக்கொண்டாள். ஒரு ஃபைலைப் பத்திரமாக வைக்கத் துப்பில்லை, இதில் வெள்ளை யூனிஃபார்ம் ஒரு கேடா என்று வாங்கு வாங்கென்று வாங்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டேன். இவளிடம் அந்தப் பெண் எப்படித்தான் குப்பை கொட்டுகிறாளோ!

உடன் வந்தவர் நிரப்ப வேண்டிய சீட்டை நீட்டினேன். மகன் கை நீட்டுவதற்குள் மாமியாரே பிடுங்கி எழுதினாள். பேனாவை அழுத்துகிற கை. கையெழுத்துக்குக் கீழே வைத்த புள்ளியில் தாள் ஓட்டையாகிவிட்டது.

டாக்டர் அறைக்குள் போனவர்கள் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தார்கள். சத்து மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். மாமியார் திட்டிக்கொண்டே படியிறங்கினாள். மகன் பின்னால் போனான்.

பழைய ஃபைலை அலமாரியில் வைக்க எடுத்தேன். சம்மதத் தாளின் அடியில் ஒரு ஓட்டை. உடன் வந்தவர் கையெழுத்துக்குக் கீழே, புள்ளி இருக்க வேண்டிய இடத்தில்.

இன்றைய சீட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே பெயர், அதே கையெழுத்து.

உறவு என்ற இடத்தில் இன்று மாமியார் என்று எழுதியிருந்தாள்.

அன்று, அம்மா.