தண்ணீர் ஊற்றிய கை

அக்காவின் அறையிலிருந்து அத்தான் பூனை மாதிரி அடியெடுத்து வைத்து வெளியே வந்தார். கையிலிருந்த குடுவையில் தண்ணீர் தளும்பியது. ஹாலில் நின்ற மைத்துனியைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துப்போனது.

"என்ன அத்தான் அது?"

"சும்மா, தண்ணிம்மா" என்று முனகிவிட்டுச் சமையலறைப் பக்கம் நழுவினார்.

தங்கை அறைக்குள் எட்டிப் பார்த்தாள். ஜன்னல் கண்ணாடி முழுக்க வியர்த்திருந்தது. மூலையில் ஓடிக்கொண்டிருந்த ஏர் ப்யூரிஃபையர், காற்று சரியில்லை என்று சிவப்பு விளக்கைக் காட்டியது. கட்டிலடியில், காற்றில் ஈரத்தை ஏற்றும் ஹியூமிடிஃபையர். அதன் மூக்கில் ஈரம் இன்னும் காயவில்லை. தலையணையில் சாய்ந்து கண்மூடியிருந்த அக்காவின் நெஞ்சு விசிலடித்தது.

வெயில் காலத்தில் தொண்டை வறளுகிறது என்று வாங்கிய மெஷின் அது. வீட்டில் அதற்குப் பெயர் பனி மெஷின். இப்போது அடைமழை. கட்டிலுக்குப் பின்னால் சுவரே கருப்பாகப் பூஞ்சணம் பூத்துக் கிடக்கிறது.

டாக்டர் போன வாரமே கறாராகச் சொல்லியிருந்தார். "காத்தைச் சுத்தம் பண்ற மெஷின் ஓடட்டும். இந்தப் பனி மெஷினை இனிமே யாரும் தொடக் கூடாது. ஆஸ்துமாக்காரங்க ரூம்ல இவ்வளவு ஈரம் ஏறவே கூடாது. இன்னொரு தடவை இப்படி இழுத்தா, ஆஸ்பத்திரி வந்து சேர்றதுக்குள்ள என்ன வேணா ஆகலாம்."

தங்கையே அதைத் தூக்கிக்கொண்டுபோய் ஸ்டோர் ரூமில் பழைய பாய்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். மறுநாளே அது கட்டிலடியில் உட்கார்ந்து, நல்ல பிள்ளையாகப் பனி கக்கிக்கொண்டிருந்தது. மெஷினுக்குக் கால் முளைக்காது. வீட்டில் இருப்பதோ அவர்கள் மூவர்தான்.

தங்கைக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்தே சோறு தின்பவள். லீவு போட்டுவிட்டு வந்த நாளிலிருந்து அத்தானைத்தான் கவனித்துக்கொண்டிருந்தாள். அவர் பாலம் கட்டும் கம்பெனியில் மேற்பார்வையாளர். வருஷத்தில் முக்கால்வாசி வெளியூர்தான். இந்த முறை அக்காவுக்கு இழுப்பு விடாததால் வேலைக்குத் திரும்ப முடியாமல், பெட்டி கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். நேற்று பால்கனியில் நின்று போனில் அவர் பேசியது அவள் காதில் விழுந்திருந்தது. "இங்க ஒரு முடிவு தெரிஞ்சதும் வந்துடறேன் சார்."

வேலியே பயிரை மேய்கிறதா?

மதியம் அக்காவுக்கு இழுப்பு முற்றியது. உதடு நீலம் பாரித்தது. மருந்துப் புகையை மூக்கில் பிடித்து, முதுகைத் தடவி, ஒருவழியாகத் தங்கை அவள் மூச்சைச் சீராக்கினாள். அக்கா கண் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி: "அவரு கெளம்பிட்டாரா?"

"இல்லக்கா. ஹால்லதான் இருக்கார்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். பாவம், எவ்வளவு பயந்திருந்தால் இதைக் கேட்பாள் என்று தங்கைக்கு ரத்தம் கொதித்தது. கதவைச் சாத்திவிட்டு நேராக ஹாலுக்குப் போனாள்.

"குடுவையும் கையுமா பார்த்துட்டேன் அத்தான். இதுக்கு மேல மறைக்காதீங்க."

"நான் ஊத்தலம்மா."

"அப்ப யாரு ஊத்துறா? நானா?"

அவர் சாத்தியிருந்த கதவையே பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு அதை விழுங்கிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"இப்பவே கெளம்புங்க. இல்லன்னா நான் போலீசுக்குப் போவேன். எனக்கு என் அக்கா உசுரோட வேணும்."

பெட்டியைத் தூக்கும்போது அவர் கண் கலங்கியிருந்தது. "அவ பக்கத்துலயே இரும்மா. ஒரு நிமிஷம்கூடத் தனியா விட்றாத" என்றார். முதலைக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கேட் சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது. அறைக்குள் போய்ப் பனி மெஷினின் வயரைப் பிடுங்கி, அதைக் கையில் தூக்கினாள். உள்ளே சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுத்தான் மறு வேலை.

அக்கா விழித்திருந்தாள். "கேட் சத்தம் கேட்டுச்சே, யாரு?"

"அத்தான்தான். அனுப்பிட்டேன். இனிமே இந்த வீட்டுப் படி ஏற மாட்டார். நீ நிம்மதியா மூச்சு விடுக்கா."

அக்கா அழுவாள், கட்டிக்கொள்வாள் என்று தங்கை எதிர்பார்த்தாள். அக்காவோ, மெல்லப் போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்து, மெஷினை நோக்கி இரண்டு கையையும் நீட்டினாள்.

"அதக் கீழ வை."

"எதுக்குக்கா?"

"நீ தண்ணி ஊத்துறியா, இல்ல எப்பவும் போல நானே ஊத்திக்கவா? அவரு திரும்பி வரணும்."