சுவரைப் பார்த்த இன்ஜின்

தம்போயில் பட்டறை வைத்திருக்கும் சந்திரமதி, கூலாய்ப் பக்கத் தோட்டத்தில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை இழுத்த சின்ன நீராவி இன்ஜின் ஒன்றைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். இரண்டடி அகலத் தண்டவாளத்தில் ஓடுவது. இறக்கிய கிரேன்காரர் அதன் மூக்கைச் சுவர்ப் பக்கம் வைத்துவிட்டுப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை அந்தத் தோட்டத்து ஆட்கள் பார்க்க வருகிறார்கள். பிடிக்காவிட்டால் பழைய இரும்புக்குத்தான். திருப்பி வைக்க வேறு கிரேனும் கிடைக்கவில்லை.

ஆயுத பூஜையன்று வெல்டர் ரூபேந்திரன், லாரிக்கு வைக்கிற பழக்கத்தில், நான்கு சக்கரங்களுக்கு முன்னாலும் எலுமிச்சம்பழம் வைத்தார்.

"பாய்லரு இன்னும் ரிப்பேருக்குப் போன பொந்தியான்லயே கெடக்கு. இது எப்படிப்பா பழத்த நசுக்கும்?"

"முறைன்னு ஒண்ணு இருக்கு லா, அக்கா."

கற்பூரம் காட்டிக் கதவைப் பூட்டிவிட்டு, எதிர்க்கடையில் வாழையிலையில் சாப்பிட்டார்கள். அங்கிருந்து பட்டறைக் கதவு நன்றாகத் தெரியும். பாயசம் இரண்டு தடவை வாங்கிக்கொண்டார்கள்.

திரும்பி வந்து திறந்தபோது இன்ஜின் வாசலைப் பார்த்து நின்றது. பூஜைக்கு முன்பக்கம் போட்ட மாலை கலையவில்லை. பழங்கள் நான்கும் சக்கரங்களுக்கு முன்னால்தான் இருந்தன, இப்போது வாசல் பக்கமாக.

ரூபேந்திரன் சுற்றிவந்து பார்த்தார். "அலமாக். கிரேன் வேணாம்க்கா."

சந்திரமதிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "வெள்ளிக்கிழமை கவலை விட்டுச்சு. வா, வீட்டுக்குப் போலாம்."

வெளியே வந்து சந்திரமதி கதவை இழுத்து மூடப் போனார். உள்ளே ஒரு பழம் மெல்ல நசுங்கும் சத்தம் கேட்டது.

அவர் கதவை மறுபடியும் முழுசாகத் திறந்துவிட்டு, ஓரமாக ஒதுங்கி நின்றார்.